தயிர்சாதம் சாப்பிடும் கருப்பட்டிக்குக் கண் ஏன் மங்குகிறது?

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டதால் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் அவருடைய மகள் பூக்கடைக்குப் பின்னால் கிடந்த குட்டிப் பூனையைத் தூக்கிவந்தாள். அட்டைக் கறுப்பாக இருந்ததால் ‘கருப்பட்டி’ என்று பெயர் வைத்தார்கள். கறுப்புப் பூனை வீட்டுக்கு ஆகாது என்று முதலில் முகம் சுளித்த மாமியார்தான் இப்போது இரண்டு வேளையும் தாளிக்காத தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து தட்டில் வைக்கிறார். வீடு சுத்த சைவம், முட்டை கூட உள்ளே வராது. பால், சாயங்காலம் ஒரு பிஸ்கெட், எப்போதாவது பன்னீர், அவ்வளவுதான் பூனையின் சாப்பாடு. மூன்றாவது மாடி, பால்கனிக்கு வலை போட்டிருக்கிறது, அதனால் பூனை வெளியே போவதே இல்லை.

தீபாவளிக்குப் பிறகு முதுகிலும் விலாவிலும் கறுப்பு முடி செம்பட்டையாக மாறிவிட்டது. இரண்டு மாதமாக அந்தி நேரத்தில் சோபாவுக்குத் தாவத் தயங்குகிறது. ஒரு நாள் ஹாலில் இருக்கும் ஸ்டீல் குப்பைக் கூடையில் நேராகப் போய் மோதியது. பகலில் கூடக் கண்மணி விரிந்தே இருக்கிறது, தூக்கமும் அதிகம். பக்கத்தில் ஒரு மருத்துவர் பார்த்துவிட்டுக் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் வைட்டமினும் கொடுத்தார். ஒன்றும் மாறவில்லை.

“வெயிலில் படுத்துப் படுத்து வெளுத்துவிட்டது என்கிறார் மாமியார். பாலும் தயிரும் புரதம்தானே டாக்டர், குறைபாடு எப்படி வரும்? ஆளும் குண்டாகத்தான் இருக்கிறாள். லால்குடியில் என் அம்மா வீட்டில் தயிர்சாதம் சாப்பிட்டே பூனைகள் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்தன. பக்கத்து ஃபிளாட்டில் சைவ நாய் உணவு வாங்கிப் போடச் சொல்கிறார்கள். என் கணவர் தன்னுடைய ஜிம் புரோட்டீன் பவுடரைக் கலக்கலாமா என்கிறார். மாமியார் மனம் நோகாமல் இதற்கு வழி உண்டா? நாங்கள் பாவம் செய்துவிட்டோமா?” என்று கேட்டு முடிக்கிறார்.

சகோதரி, காரணத்தை அப்புறம் பேசலாம். இன்று ராத்திரி செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கருப்பட்டி நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுக்க எண்ணுங்கள். ஏறி இறங்குவது சேர்ந்து ஒரு மூச்சு. 30-க்குள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். 40-ஐத் தாண்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, திடீரென்று பின்னங்கால் இழுத்தாலோ விடியும் வரை காத்திருக்காதீர்கள். கண்ணைப் பற்றி எழுதியவருக்கு நான் ஏன் மூச்சைப் பற்றிச் சொல்கிறேன் என்று தோன்றும். கண்ணைக் கெடுக்கும் அதே பற்றாக்குறை இதயத்தையும் கெடுக்கும், அதனால்தான்.

நேரில் பார்க்காமல் நோய்ப் பெயர் சொல்வது சரியில்லை. ஆனாலும் நீங்கள் எழுதிய சாப்பாட்டையும் அறிகுறிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகம் ஒரே திசையில்தான் போகிறது. இந்தப் பூனைக்கு வயிறு நிறைகிறது, புரதத்தின் உறுப்புகளான அமினோ அமிலங்கள் போதவில்லை.

முடி சொல்லும் சேதி

மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. வெயில் கறுப்பு முடியை வெளுக்க வைக்கும். ஆனால் அது நுனியிலிருந்து வெளுக்கும். நல்ல வெளிச்சத்தில் முதுகு முடியை விரலால் வகிடு எடுத்துப் பாருங்கள். அடி கறுத்து நுனி மட்டும் செம்பட்டை என்றால் வெயிலைச் சந்தேகிக்கலாம். தோலிலிருந்து முளைக்கும்போதே செம்பட்டை என்றால் உணவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

முடிக்குக் கறுப்பு தரும் மெலனினை உடம்பு டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்கிறது. டைரோசினை ஃபீனைலலனின் என்ற இன்னொன்றிலிருந்து செய்துகொள்ளும். இவை இரண்டும் குறைந்தால் உடம்பு முதலில் உயிருக்கு வேண்டிய வேலைகளைப் பார்த்துக்கொள்கிறது, முடியின் அழகு கடைசி வரிசைக்குப் போகிறது. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்துக் கால்நடை ஆய்வாளர்கள் கறுப்புப் பூனைகளை வைத்தே இதைப் பார்த்திருக்கிறார்கள். குட்டி ஒழுங்காக வளரப் போதுமான அளவு கொடுத்தும் முடி செம்பழுப்பானது. நிறம் முழுக் கறுப்பாக நிற்க ஏறக்குறைய இரண்டு மடங்கு தேவைப்பட்டது. தாமிரச் சத்துக் குறைவிலும் நிறம் மாறலாம் என்பதால் முடியை மட்டும் வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணும் சேர்ந்து கெட்டிருக்கிறதே.

(கருப்பட்டி என்ற பெயருக்குப் பொருத்தமான நிறத்துக்கு அது இப்போதுதான் வந்திருக்கிறது. உங்கள் மகளிடம் இதைச் சொல்ல வேண்டாம்.)

பால் புரதம்தான், பூனைக்கு அது போதாது

நம்மில் பலரும் புரதத்தை ஒரே பொருளாக நினைக்கிறோம். அமினோ அமிலங்கள் என்ற இருபது வகை மணிகளைக் கோத்த மாலை அது. உடம்பு அந்த மாலையை அறுத்து, மணிகளைப் பிரித்து, தனக்கு வேண்டிய மாலையைக் கோத்துக்கொள்கிறது. ஒரு நிற மணி தீர்ந்துவிட்டால் மற்றவை குவிந்து கிடந்தாலும் கோப்பது அங்கேயே நின்றுவிடும். மிஞ்சிய மணிகளைச் சேமித்து வைக்க உடம்பில் பரண் கிடையாது. கல்லீரல் அவற்றை எரித்துச் சர்க்கரையாகவோ கொழுப்பாகவோ மாற்றும், நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் போகும்.

பூனைக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். நாமோ நாயோ எலியோ குறைந்த புரதம் சாப்பிட்டால், அமினோ அமிலங்களை எரிக்கும் நொதிகளைக் கல்லீரல் குறைத்துக்கொள்ளும். வருமானம் குறைந்தால் செலவைச் சுருக்கும் குடும்பம் மாதிரி. பூனையின் கல்லீரலுக்கு அந்தச் சிக்கனம் அவ்வளவாகத் தெரியாது. உள்ளே வந்தாலும் வராவிட்டாலும் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். வெளியிலிருந்து விறகு வரவில்லை என்றால் வீட்டு உத்தரத்தையே எடுத்து எரிக்கும். உத்தரம் என்பது இங்கே தசை.

கணக்காகவே பார்ப்போம். சோறும் தயிரும் பாதிக்குப் பாதி என்று வைத்து, ஈரத்தைக் கழித்துவிட்டால் நூற்றுக்கு 14 பங்கு போலத்தான் புரதம் வரும். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கத்தின் அளவுகோலில், வளர்ந்த பூனைக்கு வேண்டிய குறைந்தபட்சம் 26. நாய்க்கு 18. குண்டாக இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வயிற்றைப் பார்க்காதீர்கள். முதுகெலும்பின் மேல் கையை அழுத்தாமல் ஓட்டிப் பாருங்கள். கணுக்கணுவாக எலும்பு தட்டுப்பட்டால், அந்த உருண்டை வயிறு சோற்றுக் கொழுப்பு, முதுகில் இருந்த சதை கரைந்திருக்கிறது. இரண்டும் ஒரே பூனையில் ஒரே நேரத்தில் நடக்கும்.

கண்ணுக்கும் இதயத்துக்கும் டாரின்

டாரின் என்பதும் அமினோ அமிலக் குடும்பத்துப் பொருள்தான். ஆனால் அது புரத மாலையில் கோக்கப்படாமல் தனியாக மிதந்தபடி வேலை செய்கிறது. விழித்திரையிலும் இதயத் தசையிலும் அது நிறைய இருக்க வேண்டும். நாய்களில் பெரும்பாலானவை கந்தகமுள்ள அமினோ அமிலங்களிலிருந்து தேவையான டாரினைச் செய்துகொள்ளும். பூனையிடம் அதற்கான நொதிகள் மிகக் குறைவு. போதாததற்கு, பித்த நீரைத் தயாரிக்க அது டாரினைத்தான் செலவழிக்கும். மற்ற பிராணிகளில் பல, டாரின் குறைந்தால் கிளைசினை வைத்துச் சமாளிக்கும், பூனைக்கு அது முடியாது. ஆக, தினமும் மலத்தோடு கொஞ்சம் டாரின் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. வரவு இல்லை, செலவு மட்டும் உண்டு.

உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் 1975-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. அதில் பூனைகளுக்குப் புரதமாகக் கொடுத்தது கேசீன், அதாவது பாலில் உள்ள முக்கியமான புரதம், நம் பன்னீரில் திரண்டு நிற்பது. அந்தப் பூனைகளின் விழித்திரை சிதைந்தது. காரணம் டாரின் இல்லாமை. 1987-இல் டேவிஸைச் சேர்ந்தவர்கள் அடுத்த உண்மையைக் கண்டார்கள். இதயம் பலூன் போல விரிந்து பலமிழந்த பூனைகளின் ரத்தத்தில் டாரின் குறைவாக இருந்தது, கொடுத்ததும் இதயம் தேறியது. அவை கடையில் வாங்கிய பூனை உணவைச் சாப்பிட்டு வந்தவை என்பதுதான் அன்றைக்கு எல்லோரையும் உலுக்கியது. அதற்குப் பிறகுதான் நிறுவனங்கள் உணவில் டாரினைக் கூட்டின.

சொட்டு மருந்து விழித்திரைக்குப் போய்ச் சேராது. அதற்காக அந்த மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் மூச்சு வாங்கிய ஒரு பூனைக்கு நான் சளி என்று நினைத்து ஐந்து நாள் ஊசி போட்டிருக்கிறேன். என் சீனியர் அதன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதற்கு முன்னால், “என்ன சாப்பிடுது?” என்றுதான் கேட்டார். நான் அதைக் கேட்டிருக்கவே இல்லை.

லால்குடிப் பூனைகளின் ரகசியம்

உங்கள் அம்மா வீட்டுப் பூனைகள் தயிர்சாதம் சாப்பிட்டன என்பது உண்மைதான். தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டன என்பதுதான் நம் கண்ணுக்குத் தெரிந்த பாதிக் கதை. குதிருக்கடியில் எலி, ஓட்டில் பல்லி, கொல்லையில் வெட்டுக்கிளி, தெருமுனையில் மீன்காரம்மா வீசும் செவுள் என்று மீதிச் சாப்பாடு ராத்திரி நடந்திருக்கும். ஓர் எலிக்குள் இறைச்சி, ஈரல், இதயம், மூளை என்று பூனைக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. காலங்காலமாக எலியே டாரினைக் கொண்டுவந்து கொடுத்ததால்தான், பூனையின் உடம்பு அதைச் செய்யும் பட்டறையை மூடிவிட்டது. கருப்பட்டிக்கு மூன்றாவது மாடியில் வலைக்குள் வாழ்க்கை. எலி பிடித்த பூனைக்குத் தயிர்சாதம் தொடுகறி, இவளுக்கு அதுவே முழுச் சாப்பாடு.

உங்கள் முன்னால் இருக்கும் வழிகள்

சைவ நாய் உணவு வேண்டவே வேண்டாம். நாய் டாரினைச் செய்துகொள்ளும் என்பதால் அதன் உணவில் பெரும்பாலும் தனியாகச் சேர்ப்பதில்லை, புரதமும் பூனைக்குக் காணாது. கணவரின் பவுடரும் பாலிலிருந்து எடுத்த புரதம்தான், டாரின் பிரச்சினையை அது தொடாது. சாக்லேட் சுவை என்றால் அதில் விஷமே இருக்கிறது. டாரின் இருக்கிறது என்று எனர்ஜி டிரிங்க் கொடுத்தவரையும் நான் பார்த்திருக்கிறேன். அதிலுள்ள காஃபீன் பூனையின் இதயத்துக்கு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தனித்தனி அமினோ அமிலப் பொடிகளை நீங்களாக வாங்கிக் கலக்காதீர்கள் என்று இன்னொரு எச்சரிக்கை. பூனைக்கு அர்ஜினின் இல்லாத உணவு ஒரே வேளையில் ஆபத்தாகும். மற்ற அமினோ அமிலங்களை எரிக்கும்போது உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்ற அர்ஜினின் தேவை. 1978-இல் வெளியான சோதனையில், அர்ஜினின் இல்லாத ஒரு வேளை உணவுக்குப் பிறகு சில மணி நேரத்தில் பூனைகளுக்கு வாந்தியும் எச்சில் ஒழுகலும் தள்ளாட்டமும் வந்தன. பாலில் அர்ஜினின் இருப்பதால் கருப்பட்டி இதில் தப்பித்திருக்கிறாள்.

நான் முதலில் பரிந்துரைப்பது, வளர்ந்த பூனைக்கான முழுமையான சமச்சீர் உணவு என்று லேபிளில் போட்டிருக்கும் உலர்தீவனம். சேர்மானப் பட்டியலில் டாரின் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அதில் மீனோ கோழியோ இருக்கும், மறைக்க மாட்டேன். ஆனால் சமைக்க வேண்டாம், அடுப்படிக்குள் வர வேண்டாம், மூடிய டப்பா பால்கனியில் இருக்கலாம், தட்டும் கரண்டியும் தனி. இதே மாதிரி சைவக் குடும்பங்கள் பல இப்படித்தான் சமாளிக்கின்றன.

வெளியே யாராவது சமைத்துத் தருவார்கள் என்றால் கோழித் தொடை, ஈரல், இதயம், மீன், இறால் நல்லவை. முட்டையில் டாரின் அநேகமாக இல்லை. வேகவைத்தால் டாரின் தண்ணீரில் இறங்கிவிடும் என்பதால் அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் ஊற்ற வேண்டும். ஆனால் வெறும் கறி மட்டும் போட்டால் சுண்ணாம்புச் சத்து குறையும். மருத்துவர் அளவு சொல்லாமல் இதை மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

செயற்கை டாரின் சேர்த்த சைவப் பூனை உணவுகளும் உலகச் சந்தையில் இருக்கின்றன. அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தபோது அவற்றில் சில தேவையான அமினோ அமில அளவுகளை எட்டவில்லை. நல்ல உடல்நிலையில் உள்ள பூனைக்கே நான் தயங்குவேன், கண்ணும் முடியும் கெட்டுப்போன இவளுக்கு நிச்சயம் சொல்ல மாட்டேன்.

எந்த வழியில் போனாலும் டாரின் தனியாகவும் வேண்டும். வழக்கமாகக் கொடுப்பது ஒரு வேளைக்கு 250 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. உங்கள் மருத்துவர் பார்த்து உறுதி செய்யட்டும். இதை மாமியாரிடம் தைரியமாகச் சொல்லலாம்: 1827-இல் ஜெர்மன் அறிஞர்கள் டாரினை எருதின் பித்தத்திலிருந்து பிரித்தார்கள், பெயரும் காளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் இன்று ஆலைகளில் ரசாயன முறையில்தான் செய்கிறார்கள், பொடியில் எந்தப் பிராணியின் பொருளும் கிடையாது. மாத்திரையாகவோ கேப்ஸ்யூலாகவோ வாங்கினால் மேலுறை பிராணிகளிடமிருந்து எடுக்கும் ஜெலட்டினா என்று மட்டும் பாருங்கள், பொடியைப் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம்.

டாரின் மட்டும் கொடுத்துவிட்டுத் தயிர்சாதத்தைத் தொடரலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். முடியாது. டைரோசின், மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம், மொத்தப் புரதம் எல்லாமே பின்தங்கியிருக்கும்போது ஒரு ஓட்டையை மட்டும் அடைத்துப் பயனில்லை. வைட்டமின் ஏ-யையும் பூனை காய்கறியிலிருந்து எடுத்துக்கொள்ளாது.

மாமியாரும் சட்டமும்

பாவம் என்று நீங்கள் கேட்ட கேள்வி மருத்துவக் கேள்வி இல்லை, ஆனாலும் தாண்டிப் போக மனமில்லை. தெரியாமல் செய்தீர்கள், அன்போடு செய்தீர்கள். இனிமேல் தெரியும். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11-இல், வளர்ப்பவர் போதிய உணவும் தண்ணீரும் இருப்பிடமும் தராமல் இருப்பதையும் வதை என்றுதான் சொல்கிறது. உங்கள் வீட்டுக்கு யாரும் வழக்குப் போட வரப்போவதில்லை. வீட்டு வழக்கம் மனிதர்களுக்கு, பூனைக்கு அதன் உடம்புதான் வழக்கம் என்று பேச இது ஒரு பிடி, அவ்வளவுதான்.

மாமியாரிடம் ‘நீங்கள் கொடுத்ததால்தான் கண் போச்சு’ என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். மருத்துவர் வாயால் கேட்டால் அவர் ஏற்றுக்கொள்ள வாய்ப்பு அதிகம், அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். எதுவும் ஒத்துவரவில்லை என்றால், அசைவம் சமைக்கும் ஒரு நல்ல வீட்டுக்குக் கருப்பட்டியைக் கொடுப்பதும் கௌரவமான முடிவுதான். கைவிடுவது என்று அதை நினைக்க மாட்டேன்.

இந்த வாரம்

நாமக்கல், ஒரத்தநாடு இரண்டு ஊரிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இதய ஸ்கேனும் விழித்திரைப் பரிசோதனையும் என்றைக்கு என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். ரத்த அழுத்தமும் சிறுநீரகமும் பார்க்கச் சொல்லுங்கள், அவற்றாலும் பார்வை போகலாம். மயக்க மருந்து கொடுக்கும் எந்த வேலைக்கும் முன்னால் இதயத்தைப் பார்த்தாக வேண்டும். ரத்தத்தில் டாரின் அளவு பார்க்கும் சோதனை சாதாரண லேப்களில் கிடைக்காது, அது கிடைக்கும் வரை டாரினைத் தள்ளிப்போட வேண்டாம்.

உணவை ஒரே நாளில் மாற்றாதீர்கள். பசித்தால் தானாகச் சாப்பிடும் என்று பட்டினி போடவும் கூடாது. நாய்க்கு அது பலிக்கும். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் வந்து குவியும். அதைப் பொதிந்து வெளியே அனுப்பப் புரதம் வேண்டும், அதுதான் இவளிடம் இல்லையே. அந்த நோயில் பூனையை இழந்தவர்கள் உண்டு. முதல் நாள் தயிர்சாதத் தட்டின் ஓரத்தில் ஒரு ஸ்பூன் தீவனம், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டி, பத்து நாளில் சாதத்தை நிறுத்திவிடலாம். மாமியார் ஆசைக்கு ஒரு ஸ்பூன் வெறும் தயிர் வைத்தால் தப்பில்லை, வயிற்றுக்கு ஒத்துக்கொண்டால்.

இதயம் விரிந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் சுறுசுறுப்புத் தெரியும், ஸ்கேனில் மாற்றம் தெரிய மாதங்கள் ஆகும். முடி அடுத்த முளைப்பில் கறுக்கும். விழித்திரையில் செத்த செல்கள் திரும்ப வராது, இதை உங்களிடம் மறைத்துப் பயனில்லை. இன்று இருக்கும் பார்வையைக் காப்பாற்றுவதுதான் இலக்கு. பூனை மீசையாலும் காதாலும் ஒரு வீட்டை மனப்பாடம் செய்துவிடும். சோபாவையும் பூனை மலம் கழிக்கும் மண் தட்டையும் இடம் மாற்றாதீர்கள், ராத்திரி ஹாலில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், அந்த ஸ்டீல் குப்பைக் கூடையை வழியிலிருந்து எடுத்துவிடுங்கள்.